விசிறிக்கு வந்த சுவிட்ச்

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது, விசிறியும் கிடையாது. எஞ்சினைச் சுற்றி இருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்விடும், அவ்வளவுதான். சோற்றுப் பானையில் தண்ணீர் வற்றுவது போல வற்றும், வற்ற வற்ற ஊற்ற வேண்டும். 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரைக்கும் அந்த வண்டியை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். வழி நெடுகத் தண்ணீருக்காக நின்றதை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் நெருக்கமான செய்தி. சித்திரை வெயிலில் பானெட்டைத் திறந்து போட்டுவிட்டுக் குடத்தோடு கிணறு தேடிய தலைமுறை நாம்.

பெட்ரோல் எஞ்சினின் குணம் அப்படி. எரிக்கும் எண்ணெயில் சுமார் கால் பங்குதான் சக்கரத்துக்கு வேலையாகப் போகிறது. மீதி எல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியாக வெளியே போகும், இன்னொரு பெரும்பகுதியைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு காற்றுக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சரியாகச் செய்யத்தான் மோட்டார் உலகம் நூறு வருடம் மெனக்கெட்டது. அதில் ஒரு சின்ன சாமானைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: ரேடியேட்டர் விசிறியை வேண்டியபோது போட்டு, வேண்டாதபோது நிறுத்துகிற சூட்டுச் சுவிட்ச். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எந்த நம்பர் சுவிட்ச் வாங்கலாம் என்பது அவர்கள் கேள்வி. நான் மெக்கானிக் இல்லை. அரசாங்கத்தில் ஃபைல் பார்த்தவன். எந்த ஃபைலையும் முதல் பக்கத்திலிருந்து படித்தால்தான் கடைசிப் பக்கத்தில் குறிப்பு எழுத முடியும் என்பது எங்கள் தொழில் பழக்கம். அதனால் சரித்திரத்திலிருந்தே வருகிறேன்.

ரேடியேட்டரை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் மைபாக். 1900-ஆம் ஆண்டின் முடிவில் டைம்லர் கம்பெனியில் அவர் வடிவமைத்த 35 குதிரைச் சக்தி வண்டிக்குத்தான் முதன்முதலாக மெர்சிடிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் முகப்பில் தேன்கூடு போல ஒரு ரேடியேட்டர். ஆறு மில்லிமீட்டர் சதுரத்தில் 8,070 சின்னக் குழாய்களை அடுக்கிச் சாலிடர் வைத்துக் கட்டியது. குழாய்க்குள் காற்று, சுற்றிலும் தண்ணீர். ஒரு குடும்பத்துக்குக் காய்ச்சும் வெந்நீர் அளவுக்குத் தண்ணீர் இருந்தாலே அவ்வளவு பெரிய எஞ்சினுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. வண்டி மெதுவாகப் போகும்போதும் காற்று இழுக்கட்டும் என்று ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறியும் வைத்தார். எஞ்சின் சுற்றும்போது அதுவும் சுற்றும், அதை நிறுத்துவதற்கு வழி கிடையாது. அந்த ஏற்பாடு ஏறக்குறைய அறுபது வருடம் மாறாமல் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழி போனார்கள். ரெனோ கார்களில் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருக்கும். பம்பு கிடையாது. சூடான தண்ணீர் மேலே போகும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை நம்பியே ஓட்டினார்கள். 1914 செப்டம்பரில் ஜெர்மானியர் பாரிஸை நெருங்கியபோது சுமார் அறுநூறு டாக்சிகள் இராணுவ வீரர்களை ஏற்றிக்கொண்டு மார்ன் போர்முனைக்குப் போன கதையை லிசேயில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த டாக்சிகளில் பெரும்பாலானவை இந்த வகை ரெனோதான். பாடப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, முன்பக்கம் கரி அள்ளும் முறம் போல சரிந்த பானெட் ஞாபகம் வரும். ரேடியேட்டர் முன்னால் இல்லாததால்தான் அந்த மூக்கு அப்படி.

பிறகு பம்பும் பெல்ட்டும் வந்தன. எஞ்சின் முனையில் ஒரு கப்பி, அதிலிருந்து ஒரு பெல்ட். தண்ணீர் பம்பு, டைனமோ, விசிறி மூன்றையும் அந்த ஒரே பெல்ட் சுற்றும். எளிமையானது, மறதி இல்லாதது. நம் நாட்டில் ஓடிய பழைய கார்கள், அதாவது மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த அம்பாசிடர், ஃபியட் 1100-இலிருந்து வந்த பத்மினி எல்லாம் இந்த ஏற்பாடுதான்.

இதில் இரண்டு கோளாறுகள் உண்டு. ஒன்று, விசிறி தேவையான நேரத்தில் குறைவாகவும் தேவையில்லாத நேரத்தில் அதிகமாகவும் சுற்றும். ரயில்வே கேட் போட்டிருக்கிறது, மே மாத மத்தியானம், முன்னால் ஒரு வைக்கோல் லாரி. எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். அப்போதுதான் அதற்கு வேலை அதிகம். திண்டிவனம் ரோட்டில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும், ஆனால் விசிறி பேய் பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவது கோளாறு அதைத் தொடர்ந்து வருவது. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவையான சக்தி எட்டு மடங்கு ஆகும். அந்தச் சக்தி பெட்ரோலிலிருந்துதான் வர வேண்டும். குளிர் நாடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. காலையில் எஞ்சின் சூடேறவே விடாது அந்த விசிறி. அங்கெல்லாம் ரேடியேட்டர் முன்னால் துணி மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள்.

இதை முதலில் உருப்படியாகத் தீர்த்தவர்களில் பெஜோ கம்பெனி ஒன்று. 1960-இல் வந்த பெஜோ 404 காரில் விசிறி பெல்ட்டோடுதான் இருந்தது, ஆனால் இடையில் ஒரு மின்காந்தம். தண்ணீர் சூடானதும் ஒரு சுவிட்ச் காந்தத்துக்கு மின்சாரம் கொடுக்கும், காந்தம் விசிறியைக் கப்பியோடு பிடித்துக்கொள்ளும். ஆறியதும் விட்டுவிடும், விசிறி சும்மா தொங்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘வாந்திலாத்தேர் தெப்ரையாப்ள்’. கிளட்ச் போலக் கழற்றிவிடக்கூடிய விசிறி என்று அர்த்தம். அந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகை விளம்பரத்தில். ஃபிரான்ஸில் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பி வந்த சொல்தா வீட்டில் அந்த மாதிரிப் பத்திரிகைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். கார் வாங்க வசதி இல்லாத பையனுக்கு விளம்பரம் படிப்பதில் என்ன தடை?

கவனியுங்கள், இந்த ஏற்பாட்டில் சுவிட்ச் தாங்குவது ஒரு சின்னக் காந்தத்துக்கான மின்சாரத்தை மட்டும்தான். விசிறியைச் சுற்றும் பாரத்தை எஞ்சினே பார்த்துக்கொண்டது. ஏன் நேராக ஒரு மோட்டார் வைத்து விசிறியைச் சுற்றவில்லை? சுவிட்ச் கிடைக்காததாலா? இல்லை. சூட்டுக்குத் தானாகப் போட்டு நிறுத்தும் சுவிட்ச் 1920-களிலேயே தயார். அதன் கதை இன்னும் பழையது. கொஞ்சம் நின்று சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த பகுதி.

எங்கள் இயற்பியல் வகுப்பில் ஒரு பித்தளைக் குண்டும் வளையமும் இருக்கும். குண்டு ஆறியிருக்கும்போது வளையத்துக்குள் நுழையும், சுட வைத்தால் நுழையாது. ‘திலத்தாசியோன்’ என்று பலகையில் எழுதுவார் வாத்தியார். சூட்டில் உலோகம் விரிவடைவது. ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு அளவு விரியும். அதிகம் விரியும் தகட்டையும் குறைவாக விரியும் தகட்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிவிட்டால், சூடேறும்போது ஒன்று மற்றதை இழுக்கும், பட்டை வளையும். இதை முதலில் கருவியாக்கியவர் இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன். கப்பல்கள் கடலில் தாங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நேரம் தவறாத கடிகாரம் வேண்டும் என்று ஆயுளையே செலவழித்த தச்சர். அவர் பத்தொன்பது வருடம் உழைத்து 1759-இல் முடித்த மூன்றாவது கடல் கடிகாரத்தில், வெப்பநிலை மாறினாலும் நேரம் மாறாமல் இருக்க, பித்தளையும் எஃகும் சேர்ந்த பட்டையை வைத்தார். பிறகு பாரிஸில் பிரெகே என்ற பெரிய கடிகாரக்காரர், பிளாட்டினம், தங்கம், வெள்ளி மூன்றையும் சேர்த்து நாடா போல் சுருட்டி ஒரு வெப்பமானி செய்தார்.

குறைவாக விரியும் உலோகம் எது என்பதில்தான் அடுத்த முன்னேற்றம். பாரிஸை ஒட்டிய செவ்ர் நகரத்தில் எடை அளவுகளுக்கான சர்வதேச நிலையம் இருக்கிறது. மீட்டர், கிலோகிராம் இவற்றின் மூலப் பிரதிகளைப் பூட்டி வைத்த இடம். அங்கே வேலை பார்த்த ஸ்விட்சர்லாந்துக்காரர் ஷார்ல் எதுவார் கியோம், மீட்டர் கோலுக்கு மலிவான உலோகம் தேடப்போய், 1896-இல் 36 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு ஏறக்குறைய விரிவதே இல்லை என்று கண்டார். அதற்கு அன்வார் என்று பெயர், மாறாதது என்ற பொருளில். 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குத்தான். அதற்கு அடுத்த வருடம் பரிசு வாங்கியவர் ஐன்ஸ்டைன். ஒரு அளவுகோல் இலாகா உத்தியோகஸ்தருக்கு ஐன்ஸ்டைனுக்கு முந்தின வருடம் நோபல் என்பது, இலாகாவில் காலம் தள்ளிய என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் திருப்தி தரும் செய்தி.

ஆனால் வளையும் பட்டை மட்டும் நல்ல சுவிட்ச் ஆகாது. அது மெதுவாக வளையும். மெதுவாகத் தொட்டு மெதுவாகப் பிரியும் இடத்தில் பொறி பறக்கும், முனை கருகிப் போகும். ‘டக்’ என்று சேர்ந்து ‘டக்’ என்று பிரிய வேண்டும். அதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஸ்பென்சர். சிறு வயதில் ஒரு மர ஆலையில் இரவு நேரத்தில் கொதிகலனுக்கு விறகு போடும் வேலை. கொதிகலனின் இரும்புக் கதவு சற்றுக் குழிந்த வட்டத் தகடு. சூடேறினால் ‘டப்’ என்று ஒரு பக்கம் பிதுங்கும், ஆறினால் ‘டப்’ என்று மறுபக்கம் திரும்பும். பையன் அந்தச் சத்தத்தையே மணியாக வைத்துக்கொண்டான் என்பார்கள். சத்தம் கேட்டால் எழுந்து விறகு போடுவது, இல்லாவிட்டால் கண்ணயர்வது. வளர்ந்தபின் அதே தத்துவத்தில் இரட்டை உலோகத்தில் காசு அளவுக்குக் குழிந்த தகடு செய்தார். 1920-களில் அதற்காகத் தொடங்கிய ஸ்பென்சர் தெர்மோஸ்டாட் கம்பெனியில் அவரோடு சேர்ந்தவர்களில் ஒருவர் வனிவர் புஷ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் விஞ்ஞான ஆராய்ச்சியை எல்லாம் தலைமை தாங்கி நடத்தியவர் அவர்தான். அந்தக் கம்பெனி கைமாறிக் கைமாறி 1959-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் போய்ச் சேர்ந்தது.

அந்தக் குழிந்த தகட்டின் இன்னொரு நல்ல குணம்: பிதுங்கும் சூடும் திரும்பும் சூடும் ஒன்றல்ல. 92 டிகிரியில் பிதுங்கினால் 87-இல்தான் திரும்பும். நடுவில் ஐந்து டிகிரி மௌனம். இது இல்லாவிட்டால் விசிறி நிமிடத்துக்கு நாலு முறை போட்டு அணைத்துக்கொண்டிருக்கும்.

ஆக, சுவிட்ச் தயாராக இருந்தும் மின்விசிறி பரவலாக வர நாற்பது வருடம் ஆயிற்று. ஏன்? என் கணக்கில் காரணம் டைனமோ. அந்தக் காலத்து டைனமோ நன்றாக ஓடினால் இருபது, இருபத்திரண்டு ஆம்பியர் கொடுக்கும். முன்விளக்குகளுக்கு ஏழெட்டு ஆம்பியர், பற்றவைக்கும் காயிலுக்கு மூன்று நான்கு, ஒரு விசிறி மோட்டாருக்கு எட்டிலிருந்து பத்து. ஓடும்போது எப்படியோ சரிக்கட்டலாம். ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ ஒன்றுமே கொடுக்காது. சிவப்பு விளக்கு எரியும், ஞாபகம் இருக்கிறதா? விசிறி தேவைப்படுவதோ அந்த நேரத்தில்தான். கேட்டில் அரை மணி நேரம் நின்றால் பாட்டரி இறங்கிவிடும். வருமானம் இல்லாத நேரத்தில் பெரிய செலவு.

இதைத் தீர்த்தது ஆல்டர்னேட்டர். மெதுவாகச் சுற்றினாலும் மின்சாரம் தரும். அதில் பிறக்கும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை ஆக்கச் சிறிய, மலிவான சிலிக்கான் டயோடு வேண்டியிருந்தது. அது வந்தபின் 1960-இல் அமெரிக்க கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியண்ட் காரில் வைத்தது, பிறகு மற்றவர்கள்.

கூடவே இன்னொரு நெருக்கடி. எஞ்சினைக் குறுக்காக வைக்கும் பழக்கம் வந்தது. 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினி காரில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்ததால் ரேடியேட்டரை முன்னால் வைக்காமல் பக்கவாட்டில், சக்கரத்தை ஒட்டி வைத்தார்கள். பெல்ட் விசிறிக்கு அதுதான் தோது. சத்தம் காதைப் பிளக்கும். ஃபியட் கம்பெனியின் தாந்தே ஜியகோசா 1969-இல் கொண்டுவந்த ஃபியட் 128-இல் எஞ்சின் குறுக்கே, ஆனால் ரேடியேட்டர் காற்று வரும் முன்பக்கத்தில். எஞ்சினின் முனை வேறு பக்கம் பார்ப்பதால் பெல்ட் எட்டாது. அதனால் மின்விசிறி, அதற்கொரு சூட்டுச் சுவிட்ச். உலகத்தில் சின்னக் கார் செய்தவர்கள் பெரும்பாலும் அந்த அமைப்பைத்தான் பின்பற்றினார்கள். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தபோது நம் நாட்டின் சாதாரணக் குடும்பங்களுக்கு அந்த அமைப்பு வந்து சேர்ந்தது. எஞ்சினை நிறுத்தின பிறகும் விசிறி ஓடுகிற கார்களைப் பார்த்துப் பேய் விசிறி என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி நண்பர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முத்தியால்பேட்டையில் ஒரு நண்பர், ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். எழுபதுகளில் வாங்கிய கார் ஒன்று வைத்திருக்கிறார். கம்பெனி பெயர் வேண்டாம். போர்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாயெல்லாம் உப்புப் படிந்து போயிற்று, இரண்டு முறை கொதித்து, ஒரு முறை ஹெட் கேஸ்கெட் போயிற்று. பாரிஸில் இருக்கும் மகன் விற்றுவிடச் சொல்கிறான். மூன்றாம் முறை கொதித்தால் ஹெட் வளைந்துவிடும், அதற்குப் பிறகு பழைய இரும்பு விலைதான். அவருடைய வீட்டம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி போக வேண்டும், ஆட்டோவில் ஏறி இறங்க முடியாது. முன்சீட்டு அகலமாக இருக்கும் அந்தக் கார்தான் அவர்களுக்குச் சரி. “முசே, மின்விசிறி மாட்டிவிடலாம் என்கிறான் மெக்கானிக். சுவிட்ச் எந்த நம்பர்?” என்று கேட்டார்.

நம்பரைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்றேன். முதலில் ரேடியேட்டரைக் கழற்றி உப்பெடுக்க வேண்டும். அடைத்த ரேடியேட்டருக்கு எந்த விசிறியும் உதவாது. அடுத்தது டைனமோ. மேலே சொன்ன சரித்திரம் முழுக்க அதைத்தான் சொல்கிறது. டைனமோவை வைத்துக்கொண்டு மின்விசிறி மாட்டுவது, 1969-இன் சாமானை 1955-இன் வருமானத்தில் நடத்துவது. ஆல்டர்னேட்டர் மாற்ற வசதி இல்லையென்றால் பெல்ட் விசிறியையே விட்டுவிட்டு, அதைச் சுற்றி நல்ல தகரக் கூடு கட்டினால் பாதி நோய் தீரும். பழைய பிரிட்டிஷ் வம்சத்துக் கார்களில் பாட்டரியின் பிளஸ் முனையை பாடியோடு கட்டியிருப்பதும் உண்டு. புதுக் கார் விசிறி மோட்டாரை ஒயர் மாற்றிக் கட்டினால் அது தலைகீழாகச் சுற்றும், காற்று தப்பான பக்கம் போகும். அதையும் பார்க்கச் சொன்னேன்.

மூன்றாவது, எஞ்சினுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட். மெழுகு உருகித் திறக்கும் சின்ன வால்வு. நம் ஊர் மெக்கானிக்குகள் பலர் முதல் வேலையாக இதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். ‘வெயில் ஊருக்கு எதுக்கு சார்?’ என்பார்கள். எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டில் நிற்பதற்கே அதுதான் காவல். எடுத்துவிட்டால் ரோட்டில் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து எண்ணெய் குடிக்கும். சுவிட்சின் நம்பரையும் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினிலிருந்து சூடான தண்ணீர் வெளிவரும் மேல் பக்கத்தில் சுவிட்ச் வைத்தால், அது அணையும் நம்பரும் 82-க்கு மேலே இருக்க வேண்டும். 92-இல் போட்டு 87-இல் அணைப்பது பொருத்தம். அணையும் நம்பர் 80 என்று இருந்தால் விசிறி நிற்கவே நிற்காது. அந்தச் சூட்டுக்குத் தண்ணீரை இறங்க விடாமல் தெர்மோஸ்டாட் மூடிக்கொள்ளுமே! ரேடியேட்டரின் அடிப்பக்கத்தில் சுவிட்ச் வைத்தால் கணக்கு வேறு. அங்கே வருவது ஏற்கெனவே ஆறிய தண்ணீர், மேலே இருப்பதைவிட எட்டுப் பத்து டிகிரி குறைவு. அங்கே 92 மாட்டினால் மேலே நூறைத் தாண்டின பிறகுதான் விசிறி போடும். 82–77 போன்றதுதான் அங்கே சரி. சுவிட்சின் அறுகோணத் தலையில் இந்த இரண்டு எண்களும் பொறித்திருக்கும், சிலவற்றில் மட்டும் ஒன்றுதான் இருக்கும்.

நூறைத் தாண்டினால் என்ன, மூடி அழுத்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். ரேடியேட்டர் மூடியின் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒன்றரை டிகிரி அளவுக்கு ஏறும். பழைய கார்களின் ஏழு பவுண்டு மூடியில் 111 டிகிரி வரை தாங்கும். ஆனால் மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் அந்த ஏழு பவுண்டு காகிதத்தில் மட்டும்தான். இன்றைய கார்களின் மூடி இன்னும் அதிக அழுத்தம் தாங்குவதால் அவற்றின் சுவிட்ச் நம்பரும் அதிகம். அதை அப்படியே பழைய காருக்குப் போடக் கூடாது.

விசிறி மின்சாரத்தை நேராகச் சுவிட்ச் வழியாக விடக் கூடாது, நடுவில் ரிலே வேண்டும், ஃபியூஸும் வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும், காசு அளவு தகடு அதைத் தாங்காது. பெஜோக்காரர்கள் காந்தத்தை மட்டும் சுவிட்சிடம் கொடுத்த அதே புத்திதான் இது. ஒற்றை ஒயர் சுவிட்சாக இருந்தால் அதன் மறுமுனை ரேடியேட்டர் வழியாக பாடிக்குப் போகிறது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் தொடர்பு அறுந்துவிடலாம். செம்பு வாஷர் போதும்.

நண்பர் பொறுமைசாலி. ஆல்டர்னேட்டர் மாற்றினார், தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட வைத்தார். மேல் பக்கக் குழாயை அறுத்து நடுவில் ஒரு உலோகத் துண்டு வைத்து, அதில் 92–87 சுவிட்ச் வாங்கினார். மாட்டுவதற்கு முன்னால் சமையலறையில் ஒரு வாணலியில் தண்ணீர் வைத்து, சுவிட்சின் மூக்கை மட்டும் அமிழ்த்தி, பக்கத்தில் வெப்பமானியும் மல்டிமீட்டரும் வைத்து அடுப்பை மூட்டினோம். முதலில் வாங்கிய சுவிட்ச் 92 கடந்து, 95 கடந்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் வரைக்கும் வாயே திறக்கவில்லை. அச்சடித்த டப்பா, பளபளப்பான பித்தளை, உள்ளே ஒன்றுமில்லை. அதை நம்பி மாட்டியிருந்தால் மூன்றாவது கொதிப்பு அடுத்த கேட்டிலேயே நடந்திருக்கும். இரண்டாவதாக வேறு கடையில் வாங்கியது 91-இல் ‘டிக்’ என்றது. அடுப்பை அணைத்துக் காத்திருந்தோம், 86-இல் திரும்ப ஒரு ‘டிக்’. “அந்த மர ஆலைப் பையன்” என்றார் நண்பர். வீட்டம்மா வாணலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பெல்ட் விசிறியைச் சுவிட்ச் மறக்காது என்று சொல்ல முடியாததால், டாஷ்போர்டில் இரண்டு ஏற்பாடு செய்யச் சொன்னேன். விசிறி ஓடும்போது எரியும் ஒரு சின்ன விளக்கு, சுவிட்ச் கைவிட்டால் கையாலேயே விசிறியைப் போட ஒரு சாதாரணப் பொத்தான். பெல்ட் இன்னும் இருக்கிறது, தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் அதுதான் சுற்றுகிறது. ஆகவே டிக்கியில் இன்னொரு பெல்ட் எப்போதும் இருக்க வேண்டும். கழற்றிய பழைய இரும்பு விசிறியை மெக்கானிக் எடைக்குப் போடக் கேட்டான், நண்பர் கொடுக்கவில்லை. அதைச் செட்டில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். நான்கு போல்ட்டும் ஒரு பொட்டலத்தில் பக்கத்திலேயே தொங்குகின்றன.

போன மே மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நின்றார்களாம். விளக்கு நான்கு முறை எரிந்து அணைந்ததை வீட்டம்மா எண்ணிச் சொன்னார்.